உதாரணத்தில் ஒரு பெயர்

ஆங்கிலத்தில் முன்னொட்டுப் பாடத்தை, அதாவது பிரிஃபிக்ஸை, எப்படி நடத்துவது என்று இளம் ஆசிரியர்களான உங்களில் இரண்டு பேர் என்னிடம் கேட்டீர்கள். ஓய்வு பெற்ற வாத்தியாரிடம் யோசனை கேட்பதில் ஓர் ஆபத்து உண்டு, லேசில் விடமாட்டான். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பாடம் நடத்தும் முறை அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. மிச்சமாக வந்தது ஒரு மாணவியைப் பற்றி. அதையும் சேர்த்தே தருகிறேன்.

முதலில் அந்த அரைப் பக்கம். 'அன்', 'டிஸ்', 'இம்', 'இர்', 'மிஸ்' என்று ஒரு பட்டியல் போட்டு, அதை மனப்பாடம் செய்யச் சொல்வதுதான் வழக்கம். பிள்ளைகளும் செய்துவிடுவார்கள். ஆனால் பட்டியலில் இல்லாத ஒரு சொல்லைக் கொடுத்தால் திருதிருவென்று முழிப்பார்கள். நான் நம் விருத்தாசலம் ஜங்ஷனைத்தான் உதவிக்குக் கூப்பிடுவேன். ரயிலில் இன்ஜினைக் கழற்றி மறு முனையில் மாட்டுவதைப் பார்க்காத பிள்ளை இந்த ஊரில் கிடையாது. பெட்டி அதே பெட்டி, உள்ளே உட்கார்ந்திருப்பவர்களும் அதே ஆட்கள், ஆனால் வண்டி எதிர்ப்பக்கம் கிளம்புகிறது. 'ஹாப்பி' என்பது பெட்டி, 'அன்' என்பது இன்ஜின். இவ்வளவு சொன்னால் போதும், பாதி வகுப்பு பிடித்துக்கொள்ளும். எல்லாச் சொல்லிலும் இன்ஜின் இருக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒரு வருஷம் ஒருவன் எழுந்து, "'அங்கிள்'ல இருந்து 'அன்'ன எடுத்துட்டா என்னா சார் மீதி?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து, "ஆன்ட்டி சார்" என்று பதில் வந்தது. அன்று மேற்கொண்டு பாடம் நடக்கவில்லை.

அடுத்தது உதாரண வாக்கியம். சொல் மட்டும் தெரிந்தால் போதாது, வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்தான் பொருள் மாறுவது கண்ணுக்குத் தெரியும். நாம் எல்லாரும் அங்கேதான் வகுப்பில் உள்ள பிள்ளைகளின் பெயரைப் போடுகிறோம். யாரும் நமக்குச் சொல்லித் தந்ததில்லை. நம் வாத்தியார் போட்டார், நாமும் போடுகிறோம். ரமேஷ் முடிச்சுப் போடுகிறான், ரமேஷ் முடிச்சை அவிழ்க்கிறான். பிள்ளைகளுக்கும் இதில் ஏகப்பட்ட சந்தோஷம். "சார், எம் பேரு இன்னும் வரல சார்" என்று சண்டைக்கே வருவார்கள். இந்த வித்தையில் என்னை அடிக்க ஆள் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சக ஆசிரியர்களிடம் பெருமை அடித்துக்கொண்டும் இருந்தேன்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. நான் பத்தாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு வகுப்பாசிரியர், ஆங்கிலமும் நானே. பள்ளியின் பெயர் வேண்டாம். பிள்ளைகளில் பாதிப்பேரின் அப்பா அம்மா செராமிக் யூனிட்டுகளில் வேலை பார்த்தார்கள். ஃபியூஸ் கட்டை, அகல் விளக்கு, பொம்மை என்று யூனிட்டுக்கு ஒரு சரக்கு. அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்த பெண்தான் அமுதா. படிப்பில் நடுத்தரம். பேச்சு குறைவு. மாதத்தில் ஐந்தாறு நாள் வரமாட்டாள். கேட்டால், "வூட்டுல வேல சார்" என்பாள். எல்லாரும் சொல்கிற பதில்தான் என்று நான் மேலே கேட்டதில்லை.

ஆகஸ்ட் கடைசி வாக்கில் ஒரு நாள் 'இர்' என்ற முன்னொட்டை நடத்திக்கொண்டிருந்தேன். போர்டில் 'ரெகுலர்' என்று எழுதி, முன்னால் 'இர்' போட்டு, உதாரணத்துக்கு ஒரு பெயர் தேடித் திரும்பினேன். அந்த நேரம் பார்த்து அமுதா வாசலில் வந்து நின்றாள். முதல் நாள் வரவில்லை, அன்றும் தாமதம். நான் ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே திரும்பி, 'அமுதா இஸ் இர்ரெகுலர்' என்று போர்டில் எழுதினேன். வகுப்பு சிரித்தது. அமுதாவும் லேசாகச் சிரித்த மாதிரித்தான் இருந்தது. அடுத்த சொல் 'ரெஸ்பான்சிபிள்'. "சார், இதுக்கும் அமுதாவயே போடுங்க சார்" என்று ஒரு குரல் வந்தது. எனக்கும் ஓர் உற்சாகம். 'அமுதா இஸ் இர்ரெஸ்பான்சிபிள்' என்று எழுதி, பொறுப்பில்லாதவள் என்று தமிழிலும் சொன்னேன். மறுபடி சிரிப்பு. அவளை உள்ளே வரச் சொன்னேன். அவள் போய் உட்கார்ந்து, போர்டில் இருந்ததை எல்லாரையும் போல நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அத்தோடு நான் மறந்துவிட்டேன். நீங்களும் இப்படி எத்தனையோ மறந்திருப்பீர்கள். போர்டை அழித்தால் நமக்கு அது போய்விடும். பிள்ளைகளின் நோட்டில் அப்படியே கிடக்கும் என்பது நமக்கு உறைப்பதில்லை.

டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு. கேள்வித்தாள் நான் தயாரித்தது. ஐந்து சொல்லுக்கு முன்னொட்டு சேர்த்துச் சொந்த வாக்கியத்தில் எழுதச் சொல்லியிருந்தேன். சொந்த வாக்கியம் என்று நாம் கேட்கிறோமே தவிர, நாம் போட்ட வாக்கியத்தைத்தான் அவர்கள் எழுதுவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். வீட்டில் உட்கார்ந்து திருத்த ஆரம்பித்தேன். முதல் தாளில் 'அமுதா இஸ் இர்ரெஸ்பான்சிபிள்'. சரி, ஒரு மார்க். இரண்டாவது தாளிலும் அதே. மூன்றாவதிலும். அட, இந்த மாதிரி மனப்பாடம் செய்கிறார்களே என்று முதலில் சிரிப்புத்தான் வந்தது. பத்துத் தாள் தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். விதவிதமான கையெழுத்தில் அந்த ஒரே வரி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் சிவப்பு மையில் சரி என்று போட்டு மார்க் கொடுத்துக்கொண்டே போனேன்.

அமுதாவின் தாளும் வந்தது. ஐந்தில் நான்கைச் சரியாக எழுதியிருந்தாள். 'ரெஸ்பான்சிபிள்' இருந்த எண்ணுக்கு நேராக எண் மட்டும் இருந்தது, பக்கத்தில் ஒன்றுமில்லை. தெரியாமல் விட்டது போல இல்லை. ஒரு வரிக்கு இடம் விட்டு, அடுத்ததற்குப் போயிருந்தாள்.

அங்கேயே எனக்குச் சுருக்கென்று தைத்தது. மறுக்கவில்லை. ஆனால் அதற்கு என்ன செய்வது என்று யோசிக்கச் சோம்பலாக இருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று தாளை மடித்துக் கட்டோடு வைத்துவிட்டேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள் தாள்களைக் கொடுத்தேன். கொடுத்ததும் நன்றாக எழுதிய ஒரு பிள்ளையை எழுப்பி, விடைகளை உரக்க வாசிக்கச் சொல்வது என் வழக்கம். மற்றவர்கள் தங்கள் தாளில் ஒத்துப் பார்த்துத் திருத்திக்கொள்வார்கள். முதல் ரேங்க் எடுத்தவள் எழுந்து கணீரென்று வாசித்துக்கொண்டே வந்தாள். அந்தச் சொல் வந்ததும், 'அமுதா இஸ் இர்ரெஸ்பான்சிபிள்' என்று அதையும் வாசித்தாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "கரெக்ட், அடுத்தது" என்றேன். வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே புரிந்தது. திரும்பி அமுதாவைப் பார்த்தேன். அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பொங்கல் வந்து போயிற்று. பொங்கலுக்குப் பிறகும் வரவில்லை.

தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவரைக் கெட்டவராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை, அவர் கெட்டவரும் இல்லை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டு என்று அவர் கழுத்தில் கத்தி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மேசையில் பொதுத்தேர்வு எழுதப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியல் விரிந்து கிடந்தது.

"அமுதான்னு ஒரு பொண்ணு. மூணு வாரமா ஆளக் காணோமே சார்."

"ஆமாம் சார்."

"நடுவுல நடுவுல வேற வரல போலருக்குது. வருகைக் குறைவுக்கு விலக்கு கேட்டு எழுதணும்னா வகுப்பாசிரியர் சிபாரிசு வேணும். நீங்க தரப் போறீங்களா?"

நான் பட்டியலில் அவள் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"வேணாம் சார். தொடர்ந்து வரலன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க, பேர அடிச்சிடுவோம். அந்தப் பொண்ணு வெளிய இருந்து எப்ப வேணா எழுதிக்கட்டும். நீங்களே போர்டுல இர்ரெகுலர்னு எழுதிப் போட்டீங்களாமே, பசங்க சொன்னாங்க."

கிண்டலாகச் சொல்லவில்லை, எனக்கு ஆதரவாகத்தான் சொன்னார். நாளை சாயங்காலத்துக்குள் பட்டியல் போயாக வேண்டும், அதற்குள் கடிதத்தைக் கொடுங்கள் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வெளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எழுதலாம் என்பது சொல்வதற்கு எளிது. அப்படிப் பேர் அடிக்கப்பட்ட பெண் பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்ப வந்து எழுதினார்கள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அமுதாவுக்கு அந்தப் பட்டியலில் இருக்கும் பெயர்தான் படிப்பு. அது போனால் யூனிட்தான்.

ஆசிரியர் அறைக்கு வந்து கடிதம் எழுத வருகைப் பதிவேட்டை எடுத்தேன். எந்தெந்தத் தேதி வரவில்லை என்று வரிசையாகக் குறிக்க வேண்டுமே. ஜூன் மாதத்திலிருந்து குறித்துக்கொண்டே வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அவள் வராத நாள்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இருந்தன. ஓர் இரண்டு நாளுக்கும் அடுத்த இரண்டு நாளுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரே இடைவெளி, பத்து நாள், பதினோரு நாள். சும்மா மட்டம் போடுகிற பிள்ளை இப்படிக் கணக்காகப் போடாது. எட்டு மாதமாக என் கையாலேயே குறி போட்டு வந்த பதிவேடு அது. ஒரு தடவைகூட நான் அதைச் சேர்த்துப் பார்த்ததில்லை.

அன்று மாலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவள் வீட்டைத் தேடிப் போனேன். யூனிட்டுகளுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடுகள். ஓட்டு வீடு, முன்னால் சாக்குப் படுதா. அமுதாவே வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"வாங்க சார். அம்மா யூனிட்டுல இருந்து வரதுக்கு இருட்டிடும். இன்னிக்கு சூள பிரிக்கறாங்க."

உள்ளே கட்டிலில் அவள் அப்பா படுத்திருந்தார். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. கிண்ணத்தில் பாதிக் கஞ்சி இருந்தது. அவள் ஊட்டிக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றிருக்கிறேன். எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு, அவள் திரும்ப உட்கார்ந்து மிச்சக் கஞ்சியை ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் விழுங்கும்வரை காத்திருந்தாள். வாய்க்கடையில் வழிந்ததைத் துண்டால் துடைத்துவிட்டாள். நான் பேச வந்ததை எல்லாம் வைத்துக்கொண்டு பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மற்ற நாள்களில் அம்மா மத்தியானம் ஓடி வந்து இவருக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போய்விடுவாராம். சூளை பிரித்துச் சரக்கை இறக்கி, மறுபடி அடுக்குகிற இரண்டு நாளும் யாரும் வெளியே வர முடியாது. அந்த இரண்டு நாள் அமுதா வீட்டில் இருந்தாக வேண்டும். இதை அவள் புகாராகச் சொல்லவில்லை. நான் கேட்டேன், சொன்னாள்.

"இத ஏம்மா நீ முன்னாடியே எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா எல்லாரும் வந்து வந்து பாப்பாங்க சார். அப்பாவுக்குப் புடிக்காது."

"பரீட்சை வருதும்மா. இப்ப நீ வரலன்னா பேர அடிச்சிடுவாங்க."

"தெரியும் சார்."

"நான் அன்னிக்கு எழுதினது..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்தாள். அப்பாவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மொத வரி நெசந்தான் சார். நான் செரியா வரல. அதுக்கு ஒண்ணுமில்ல. ரெண்டாவது எழுதுனீங்களே, அதான் சார்."

முப்பது வருஷ வேலையில் மேலதிகாரிகளிடம் நான் எவ்வளவோ வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். எதுவும் இந்த அளவுக்கு என்னைக் கூனிக் குறுக வைத்ததில்லை. தப்பு என்னுடையதுதான், மன்னித்துக்கொள் அம்மா என்று சொன்னேன். மாணவியிடம் அப்படிச் சொல்வது எனக்கு அதுதான் முதல் தடவை.

அவள் தரையைப் பார்த்தபடி, "எங்கிட்ட சொல்லி என்னா சார்," என்றாள். "அவங்க எல்லார் நோட்டுலயும் இருக்குது."

கிளம்பும்போது, "அப்பாவப் பத்தி மட்டும் ஸ்கூலுல சொல்லாதீங்க சார்" என்று கேட்டுக்கொண்டாள். சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இந்த வாக்குத்தான் மறுநாள் எனக்குச் சிக்கல் ஆனது. அமுதா வீட்டில் இப்படிக் கஷ்டம், அதனால்தான் வருவதில்லை என்று வகுப்பில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிள்ளைகள் உருகிவிடுவார்கள். என் தப்பும் அந்த உருக்கத்தில் கரைந்துபோகும். அதைச் சொல்லக் கூடாது. சொல்லாமல் எப்படி நேராக்குவது என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். பேசாமல் விட்டுவிடலாம், கிளறினால் இன்னும் பெரிதாகும் என்றும் ஒரு யோசனை வந்தது. பெரிதாகுமே என்று பயந்து நாம் விடுவதில் பாதி, நம் மரியாதைக்குப் பயந்து விடுவதுதான். நான் என்னை வைத்துச் சொல்கிறேன்.

மறுநாள் சூளையின் இரண்டாம் நாள். அமுதா வரமாட்டாள் என்று தெரியும். முதல் பீரியடில் எல்லாரையும் முன்னொட்டுப் பாடம் எழுதிய நோட்டை எடுக்கச் சொன்னேன். "'இர்'ருன்னு போட்ட பக்கத்தப் பிரிங்க" என்றேன். பிரித்தார்கள்.

"அதுல ரெண்டாவது உதாரணம் பொய். ஒரு பிள்ளையப் பத்தி ஒண்ணுமே தெரியாம நான் எழுதின பொய். நீங்க சிரிக்கணும்னு எழுதினேன். அந்தப் பேர அடிங்க."

யாரும் சிரிக்கவில்லை. பேனாக்கள் கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. பொய் என்று வாத்தியாரே சொல்லி அவர்கள் கேட்டதில்லை. கொஞ்சம் பயந்தே போயிருந்தார்கள். ஒருவன் தயங்கித் தயங்கி எழுந்தான்.

"அடிச்சிட்டேன் சார். அந்த எடத்துல யாரு பேரப் போடறது?"

நியாயமான கேள்வி. பரீட்சைக்கு வாக்கியம் வேண்டுமே. வேறு எந்தப் பிள்ளையின் பெயரையும் நான் அங்கே வைக்க முடியாது. போர்டில் போய் 'அவர் இங்கிலீஷ் சார் இஸ் இர்ரெஸ்பான்சிபிள்' என்று எழுதினேன். அப்புறம் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், மற்றவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். முதல் ரேங்க்காரிக்கு மட்டும் கவலை. "சார், பப்ளிக்ல இப்படி எழுதுனா மார்க் போடுவாங்களா?" என்று கேட்டாள். தாராளமாகப் போடுவார்கள் என்றேன்.

சாயங்காலம் ஆனது. அமுதாவிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. நான் வகுப்பில் பேசியது அவள் காதுக்குப் போயிற்றா, போனாலும் வருவாளா, எதுவும் தெரியாது. தலைமை ஆசிரியர் அறையில் போய் நின்றேன். கையில் இருந்த தாளை வாங்கிப் படித்தார். அவர் கேட்ட கடிதம் அது இல்லை. வருகைக் குறைவுக்கு விலக்கு கேட்டு எழுதிய சிபாரிசு.

"என்னா சார் இது? பொண்ணு வந்துட்டாளா?"

"வரல சார்."

"வரேன்னு சொன்னாளா?"

"சொல்லல சார்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப எத நம்பி எழுதியிருக்கீங்க?"

"அவ வராததுக்கு வூட்டுல காரணம் இருக்குது, அத நான் சொல்ல முடியாது. மூணு வாரமா வராததுக்குக் காரணம் நான். அதச் சொல்லலாம்."

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு தாளை இன்னொரு தடவை படித்தார். பிறகு, இந்தப் பெண் ஃபெயிலானால் மேலே கேட்கிற கேள்விக்கு நீங்கள்தான் பதில் எழுத வேண்டும், அதையும் இதிலேயே சேர்த்து எழுதிக் கொடுங்கள் என்றார். அவர் மேசையிலேயே நின்றபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தைரியசாலி என்று என்னை யாரும் எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. அவர் பட்டியலில் அமுதா பேரை அடிக்காமல் கட்டி வைத்தார்.

மறுநாள் காலை அவள் வந்தாள். பிரார்த்தனை மணி அடித்து வரிசை நிற்கும்போது பார்த்தேன், வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அமுதாவுக்குப் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி எங்கள் வகுப்பு. அவள் முந்தின நாள் சாயங்காலமே தன் நோட்டை எடுத்துப் போய் அமுதாவிடம் காட்டினாளாம். நான் வகுப்பில் வழக்கம்போலப் பாடத்தை நடத்தினேன்.

அந்த வாரமே அவள் அம்மா வேலை உடுப்போடு, முழங்கைவரை வெள்ளைத் தூசியோடு பள்ளிக்கு வந்தார். "சூள அன்னிக்கு அனுப்ப முடியாது சார். பரிச்சைக்கு மட்டும் நான் எப்படியாச்சும் பாத்துக்கறேன். இங்க நீங்க பாத்துக்குங்க" என்றார். சரிங்க என்றேன். சூளை நாள்களில் நடந்த பாடத்தை மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு முன் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பெரிய உபகாரம் ஒன்றும் இல்லை, அரை மணி நேரம் முன்னால் வந்தால் முடிகிற வேலை.

முடிவைத் தள்ளிப் போட்டுக் கதை சொல்ல எனக்கு வராது. ஆங்கிலத்தில் தேறினாள், கணக்கில் போய்விட்டது. தலைமை ஆசிரியர் சொன்னபடியே மேலிருந்து கேள்வி வந்தது, நானும் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். ஜூன் மாதத் துணைத் தேர்வில் கணக்கையும் எழுதித் தேறி, ஊரிலேயே பிளஸ் ஒன் சேர்ந்தாள். நூற்றுக்கு நூறு அந்த வருஷம் எங்களுக்கு வரவில்லை. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது ஆங்கிலத் தேர்வு முடிந்த அன்று நடந்தது. நாலு சொல் கொடுத்து, ஒன்றுக்கு முன்னொட்டு சேர்த்து வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தார்கள். அதில் 'ரெஸ்பான்சிபிள்' இருந்தது. தேர்வு முடிந்து வெளியே வந்த என் பிள்ளைகள் வாசலில் நின்ற என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "சார், உங்களப் போட்டுட்டேன் சார்." "சார், நானும் போட்டுட்டேன்." கட்டுக்கட்டாக அந்தத் தாள்கள் ஏதோ ஓர் ஊருக்குப் போய், முகம் தெரியாத ஓர் ஆசிரியர், இந்தப் பள்ளி இங்கிலீஷ் சார் எவ்வளவு பொறுப்பில்லாதவர் என்று நாற்பது தடவை படித்துச் சரி என்று போடப் போகிறார். நினைக்கவே எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அமுதா வந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்டேன். நல்லாத்தான் எழுதியிருக்கேன் சார் என்றாள். அந்த முன்னொட்டுக் கேள்வியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள்.

"எல்லாரும் உங்களப் போட்டாங்களாம் சார். நான் போடல. சும்மா 'ஹி'ன்னு எழுதிட்டேன்."

"ஏம்மா, போட்டா என்னா? நான்தானே போடச் சொன்னேன்."

"இல்ல சார். அன்னிக்கு நீங்க அப்படி எழுதறதுக்கு உங்க வூட்டுல என்னா கஷ்டமோ, எனக்கு என்னா தெரியும்."

அவள் போயிட்டு வரேன் சார் என்று சொல்லிவிட்டு, அப்பாவுக்கு நேரமாகிறது என்று வேகமாக நடந்துவிட்டாள். அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு கஷ்டமும் இல்லை. காலையில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, நல்ல மனநிலையில்தான் நான் பள்ளிக்கு வந்திருந்தேன்.